உர மூட்டை இருந்த இடம்

காருக்குத் தகர வேலை பார்க்கும் டிங்கர் பாஸ், காரின் அடியிலிருந்து வெளியே வந்தார். கையிலிருந்த திருப்புளியின் நுனியில் தாரும் துருவும் அப்பியிருந்தன.

"அடிக்குத் தார் பூசுனது யாருங்க ஐயா?"

"நான்தான். வருஷா வருஷம், மழைக்கு முன்னாடி."

"நல்லாத்தான் பூசியிருக்கீங்க. தகரம் போயிருச்சு, தார் நிக்குது."

அறுபது வயதைத் தாண்டிய இங்கிலீஷ் கார் அது. அழகுக்காக நான் அதை வைத்திருக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் மனைவிக்கு வலது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. முன் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினால் காலை நீட்டி உட்காரலாம். அப்படித்தான் வியாழக்கிழமைகளில் அவளைத் தெமோதரையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அங்கே கொடுக்கும் பயிற்சியில்தான் அந்தக் கால் கொஞ்சமாவது மடங்கியது.

பாஸ் பின்கதவைத் திறந்து ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் தகரம் துருப்பிடித்து, பழுப்பு நிறத்தில் ஏடு ஏடாகக் கிடந்தது. ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது. விரலால் அழுத்தினார். பட்டறையின் சிமெந்துத் தரை தெரிந்தது.

"இதுல என்னா வச்சிருந்தீங்க?"

உரம். நாடு முழுக்க உரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் உள்ள தேயிலைக்கு இரண்டு மூட்டை கிடைத்தது. வெளியே வைத்தால் விடியும்போது இருக்காது. எங்களிடம் பூட்டக்கூடிய இடம் கார்தான். பின் இருக்கைக்கு முன்னால் இறக்கி, சாக்குப் போட்டு மூடி, எட்டு மாதம் வைத்திருந்தேன். சிந்தியதைக் கூட்டினேன், விரிப்பைத் தூக்கவில்லை. ஈரத்தில் கரைந்த உரம் மேலிருந்து தின்றுகொண்டிருக்க, நான் வருடந்தோறும் மல்லாந்து படுத்துக் கீழ்ப்பக்கத்துக்குத் தார் பூசியிருக்கிறேன்.

"புதுத் தகரம் அடிக்கலாமே?"

"அடிக்கலாங்க. அத எதுல புடிச்சு ஒட்டுறது? ஜாக்கி வச்சேன். வண்டி எந்திரிக்கல, ஜாக்கிதான் உள்ள போகுது." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "முன் சீட்டும் இந்தத் தகரத்துலதான் நிக்குது. அம்மாவ இதுல ஏத்தாதீங்க."

வியாழக்கிழமை ஆட்டோ பிடித்தோம். அவள் குறுக்காக உட்கார்ந்தாள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்குப் பொலித்தீன் சுற்றிக் கட்டினேன்.

"அக்கா, கால உள்ள எடுங்க. பஸ்காரன் ஒரசிருவான்," என்றார் ஆட்டோக்காரர்.

"உள்ள வந்தா எடுக்க மாட்டேனா, தம்பி?"

மூன்றாவது வளைவில் எதிரே லொறி வந்தது. ஆட்டோக்காரர் சடாரென்று ஓரத்துப் பள்ளத்தில் இறக்கினார். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின.

"என்னாங்க, திருப்பச் சொல்லுங்க."

பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த வாரம் வேறு ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். ஆனால் வாராவாரம் வேன் பிடிக்க எங்களால் ஆகாது.

அதற்குப் பிறகு ஐந்து வியாழக்கிழமைகள் போய்விட்டன. நேற்றுக் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது அந்தக் கால் மடங்கவே இல்லை.