அண்ணி வாயில் குண்டூசி

என் அண்ணி தையல்காரி. அளவு பார்க்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். அப்போது யார் எது கேட்டாலும் தலையாட்டல்தான் பதில்.

அன்று ஒரு வாடிக்கைக்கார அம்மாவுக்குக் கவுனை மடித்துக் குத்திக்கொண்டிருந்தார். பள்ளிவிட்டு வந்த அண்ணியின் பத்து வயது மகள், பையை மூலையில் வீசினாள். மறுநாள் நாடகத்துக்குப் போட வேண்டிய அவள் சட்டை இன்னும் வெட்டிய துணியாகவே மேஜையில் கிடந்தது.

"ஊருக்கெல்லாம் தைப்பே, எனக்கு மட்டும் தைக்க மாட்டே. போடி!"

பெற்றவளைப் பார்த்து 'போடி'யாம்! பக்கத்து மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என் பொண்ணா இருந்தா வாய்லயே ரெண்டு போட்டிருப்பேன்," என்றார் அந்த அம்மா.

அண்ணிக்கும் முகம் சிவந்துவிட்டது. கையையும் ஓங்கிவிட்டார். திட்டலாமென்றால் வாய் நிறைய ஊசி. கையை இறக்கி, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தினார். கடைசி ஊசியும் இறங்கியபோது குரல் தணிந்திருந்தது.

"எனக்கு ரொம்பக் கோபம் வருது. போடின்னு பேசினா பதில் சொல்ல மாட்டேன். ஒழுங்கா கேளு, சொல்றேன்."

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தப்பும்மா. என் சட்டையை எப்போ தைப்பே?"

"இவங்க போனதும் அதுதான்."

கடவுள் அண்ணிக்குப் பொறுமையை ஊசி வழியாகக் கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் ஆறவே இல்லை. கத்தரிக்கோலை அழுத்தி அழுத்தி வெட்டினேன்.

அந்த வாயாடி என் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, கோணலா வெட்டிட்டீங்க."