ஜன்னலோர மேசை

நெய்வேலியில் நான் சின்னதாக மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்துகொண்டே வந்ததால், ஊர் ஊராகச் சாப்பிட்டு யூடியூபில் போடும் ஒருவரை அழைத்தேன்.

அவர் கேமராவோடு வந்தபோது முதல் ஷிப்ட் முடிந்திருந்தது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஏழுமலை ஜன்னலோர மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெஸ் திறந்த நாளிலிருந்து வருகிறவர். சட்டையெல்லாம் கரித்தூள்.

“வெளிச்சம் அங்கதான் நல்லாருக்கு” என்றார் வந்தவர். வேறெதுவும் சொல்லவில்லை. நான்தான் போனேன்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க ஏழுமலை. வீடியோ எடுக்கறாங்க. கொஞ்சம் பின்னாடி போய் சாப்பிடறீங்களா?”

“அதுக்கென்னக்கா, எடுங்க.”

பிசைந்த சோற்றோடு தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே சாப்பிட்டார். தட்டையும் அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவேயில்லை.

வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். இரண்டு வாரம் புதுமுகங்கள் வந்தன. பிறகு அதுவும் நின்றது.

எல்லாக் கமெண்டுக்கும் பதில் போடச் சொல்லியிருந்தார் யூடியூப்காரர். “நன்றி சார், குடும்பத்தோட வாங்க” என்று ஒரே வரியைப் பெயர்கூடப் பார்க்காமல் போட்டுக்கொண்டே போனேன். ஒருநாள் மேலே போய்ப் படித்தேன். முதல் கமெண்ட் ஏழுமலையுடையது.

“அக்கா மெஸ்ல ரெண்டு வருசமா சாப்டுகினு இருக்கேன். வூட்டு சாப்பாடு மாரியே இருக்கும். எல்லாரும் வாங்க.”

அதன் கீழே என் பதில்: “நன்றி சார், குடும்பத்தோட வாங்க.”

அந்தப் பதிலை இன்னும் அழிக்கவில்லை. அழித்துவிட்டு அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.