நான் அடிச்ச பிள்ளை என்ர மகளை விடவில்லை

விலா எலும்பு முறியிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீங்கள். அல்லாஹ் உங்களைக் கேக்க வைக்கவும் வேண்டாம். நான் கேட்டனான். அது என்ர மகளின்ர விலா.

சகோதரிகளே, உங்களில கனபேருக்கு என்னைத் தெரியும். இஞ்ச ரொறன்ரோவில, மல்வேர்ன் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓடுறவ. மைக்கைப் பிடிச்சுக் கதைச்சுப் பழக்கமில்லை. ஆனா அல்லாஹ் எனக்குச் செய்ததை மூடி வைச்சுக்கொண்டு இருக்க ஏலாமல்தான் வந்திருக்கிறன்.

என்ர மகள் ரிஸ்னா ஒஸ்ரேலியன் ஃபுட்போல் விளையாடுறவள். அதுதான் அவளுக்கு வேலை, சம்பளம் எல்லாம். முட்டை மாதிரி ஒரு பந்து. காலாலயும் உதைக்கலாம், கையாலயும் குத்திக் குடுக்கலாம். பந்தை வைச்சிருக்கிறவளை ஓடிப்போய்ப் பிடிச்சு நிலத்தில அடிச்சு விழுத்தலாம். உடம்பில ஒரு கவசமும் இல்லை. அப்பிடி ஒரு விளையாட்டை என்ர பிள்ளை இஞ்ச ஸ்காபரோப் பூங்கா ஒண்டில பழகி, ஒஸ்ரேலியாவில மெல்பேர்ணில இருக்கிற பெரிய கழகம் ஒண்டு அவளைக் கூப்பிடுற அளவுக்கு வந்திட்டாள்.

நான் வேண்டாம் எண்டன். அழுதன், கத்தினன். பிள்ளையின்ர வாப்பா, "அவள் தொழுகிறாள், முழுக்கை போட்டு முக்காட்டோட விளையாடுறாள், வேற என்ன உமக்கு?" எண்டு கேட்டார். எனக்குப் பிரச்சினை உடுப்பில்லை. அடிதான். முதல் வருசம் மூக்கு உடைஞ்சுது. அடுத்த வருசம் தாடை. ஃபோனில முகம் வீங்கிப்போய், வாய் திறக்கேலாமல், கண்ணால சிரிப்பாள். நான் ஃபோனை வாப்பாட்டக் குடுத்திட்டு எழும்பிப் போயிடுவன். ஒரு ஆட்டமும் நான் பாத்ததில்லை. தொழுதுபோட்டு ஒரே ஒரு துஆதான் கேப்பன்: யா அல்லாஹ், என்ர பிள்ளையை முழுசாத் திருப்பித் தா.

போன வருசம் கோடையில அவளின்ர கழகமும் இன்னொரு கழகமும் ஒரு நட்பு ஆட்டத்துக்கு ரொறன்ரோ வந்தவை. ரொறன்ரோப் பிள்ளை எண்டு அவளை முன்னுக்கு நிப்பாட்டிப் படமெல்லாம் எடுத்தினம். "உம்மா, ஒருக்கா வாங்கோ. ஒரேயொருக்கா" எண்டாள். போனன்.

முதல்பாதி முழுக்க நான் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தன். ஆனா சத்தம் கேக்குமே. இறைச்சிக்கடையில கத்தி விழுற மாதிரி உடம்பும் உடம்பும் மோதுற சத்தம். இடைக்கிடை நிமிர்ந்தால், ஒருத்தி வாயில ரத்தத்தோட சிரிச்சுக்கொண்டு ஓடுறாள். இன்னொருத்தியின்ர விரல் பின்பக்கம் வளைஞ்சு நிக்குது, அதை அவளே இழுத்து நேராக்கிப்போட்டுத் திரும்ப ஓடுறாள். சனம் கைதட்டுது.

பிறகு அந்தப் பந்து. உயர வந்தது. ரிஸ்னா ரெண்டு கையையும் தூக்கிப் பாய்ஞ்சாள். மற்றப் பக்கத்தில இருந்து நெட்டையான, செம்பட்டைத் தலைமயிர்ப் பிள்ளை ஒண்டு ஓடிவந்து பாய்ஞ்சுது. அதின்ர முழங்கால் என்ர பிள்ளையின்ர இடப்பக்க விலாவுக்குள்ள இறங்கிச்சுது. அப்பதான் அந்தச் சத்தம். ரிஸ்னா வானத்தில இருந்து சாக்கு மாதிரி விழுந்தாள். அசையேல்ல.

சகோதரிகளே, அந்த நேரம் நான் கேட்ட துஆ என்ன தெரியுமோ? "யா அல்லாஹ், அவளை எழுப்பிவிடு." அவ்வளவுதான்.

எழும்பினாள். டொக்டர் வந்து பாத்தார், அவள் ஒண்டுமில்லை எண்டு தலையாட்டினாள். சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. வாப்பா என்ர தோளைப் பிடிச்சு, "பாத்தீரே, எழும்பிட்டாள்" எண்டார். நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லி அழுதன். துஆ ஏற்றுக்கொள்ளப்பட்டுது எண்டு நினைச்சன்.

கொஞ்ச நேரம் ஓடினாள். பிறகு பார்த்தால், பந்து மைதானத்தின்ர அந்தத் தொங்கலில. இவள் இஞ்சால தனிய நிக்கிறாள், இடது தோளைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு. அந்தச் செம்பட்டைப் பிள்ளை கிட்டப் போய் என்னவோ கேட்டுது. ரிஸ்னா தலையை ஆட்டிப்போட்டு ஓடப் பார்த்தாள். உடனே அந்தப் பிள்ளை பின்னால கட்டிப் பிடிச்சு அவளை நிலத்தில கிடத்தி, நெஞ்சில கையை வைச்சு அமத்திச்சுது.

எனக்குக் கண் இருண்டுபோச்சு. ஒருக்கா அடிச்சது காணாதெண்டு, பந்தும் இல்லாத இடத்தில திரும்ப அடிக்கிறாள்!

வேலி இடுப்பளவுதான். எப்பிடித் தாண்டினன் எண்டு எனக்குத் தெரியாது. ரிஸ்னாவின்ர அணிப் பிள்ளையள் எனக்கு முதல் ஓடிப்போய் அந்தப் பிள்ளையின்ர தலைமயிரைப் பிடிச்சு இழுக்கினம், முதுகில குத்துகினம். அது விடேல்ல. நான் போய், "விடடி என்ர பிள்ளையை!" எண்டு கத்திக்கொண்டு என்ர கைப்பையால ஓங்கி அடிச்சன். பைக்குள்ள இரும்புத் தண்ணிப்போத்தல். புருவம் வெடிச்சு ரத்தம் கண்ணுக்குள்ள ஓடிச்சுது. திரும்பவும் அடிச்சன். சகோதரிகளே, உண்மையைச் சொல்லுறன், கொல்ல வேணும் போலதான் அடிச்சன்.

அந்தப் பிள்ளை கையை எடுக்கேல்ல. ரத்தம் வழிய வழிய இங்கிலீசில கத்திச்சுது: "அடியுங்கோ! ஆனா இவளை எழும்ப விடாதேங்கோ! உள்ளுக்க ரத்தம் ஓடுது! அம்புலன்ஸ்!"

நான் குனிஞ்சு ரிஸ்னாவைப் பாத்தன். முகம் சாம்பல் நிறம். உதடு வெள்ளை.

"உம்மா," எண்டாள். "தோள் நோகுது." அவ்வளவுதான். கண் மேல போயிட்டுது.

ஆஸ்பத்திரியில மண்ணீரல் வெடிச்சுப்போச்சு எண்டு சொல்லிச்சினம். வயிறு முழுக்க ரத்தமாம். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் மைதானத்திலேயே முடிஞ்சிருக்கும் எண்டு சத்திரசிகிச்சை செய்யிற டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். உள்ள கொண்டுபோயிட்டினம். கதவு மூடிச்சுது.

அந்தக் கதவுக்கு முன்னால நாங்கள் இருக்கேக்க அந்தப் பிள்ளை வந்தது. பெயர் மேகன். உடம்பெல்லாம் சேறு, புருவத்தில தையல். என்னால நிமிர்ந்து பாக்க ஏலேல்ல. வாப்பாதான் கேட்டார், "பிள்ளை, உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

மேகன் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிச்சுது. நெஞ்சுக்குக் கீழயிருந்து தொப்புள்வரைக்கும் ஒரு நீளத் தழும்பு.

"முந்தி எனக்கும் மண்ணீரல்தான் வெடிச்சது. விலாவிலதான் இடிச்சவை. ஆனா நொந்தது தோள். நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் விளையாடினன். செத்துப் பிழைச்சன்." பிறகு குரல் உடைஞ்சுது. "ஆனா இவளை இடிச்சதும் நான்தானே. நான்தானே."

நான் எழும்பி அந்தப் பிள்ளையின்ர தலையை என்ர நெஞ்சோட அணைச்சன். "மன்னிச்சுக்கொள்ளு மகள்" எண்டு தமிழிலதான் சொன்னன். அதுக்கு விளங்கிச்சுது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்கள் நல்லா அடிக்கிறீங்கள், எங்கட அணிக்கு வாங்கோ" எண்டுது. அழுகையோட சிரிச்சம்.

ஆஸ்பத்திரியில தொழ ஒரு சின்ன அறை இருந்தது. நெத்தியை நிலத்தில வைச்சு ஸுஜூதில விழுந்தன். அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் எழுப்பிவிடு எண்டு கேட்டன். எழும்பினதுதான் அவளுக்கு ஆபத்து. நான் கேட்கத் தெரியாமல் கேட்டதை அல்லாஹ் திருத்தி, அவளைக் கிடத்த ஒரு ஆளை அனுப்பினான். நான் அந்த ஆளின்ர முகத்தைக் கிழிச்சன். அண்டைக்கு முதல்முறையா, மற்ற அணிப் பிள்ளை ஒருத்திக்காகவும் துஆ கேட்டன்.

நெத்தியைத் தூக்கி, ஸலாம் குடுத்துத் தொழுகையை முடிக்க, வாப்பா கதவில நிக்கிறார். தலையை மட்டும் ஆட்டினார். பிழைச்சிட்டாள்.

மண்ணீரலை எடுத்துப்போட்டினம். கனகாலம் எங்களோட வீட்டில இருந்தாள். கஞ்சி காய்ச்சிக் குடுத்தன், முதுகு தேய்ச்சன். மெல்பேர்ண் போன நாளில இருந்து ஒழுங்காக் கதைக்காத கதையெல்லாம் கதைச்சம். டொக்டர்மார் விளையாடலாம் எண்டு சொன்ன பிறகு, "உம்மா, போகவோ?" எண்டு கேட்டாள். அவளின்ர உடுப்புப் பெட்டியை எடுத்துக் கட்டிலில வைச்சன்.

இப்ப அங்க திரும்ப விளையாடுறாள். பயம் போகேல்ல, பொய் சொல்ல மாட்டன். ஆனா இப்ப நான் ஆட்டங்களைப் பாக்கிறன். போன மாதம் மேகனும் அவளும் எதிரெதிரா ஆடிச்சினம். மேகன் அவளைத் தூக்கி அடிச்ச அடியில வாப்பா கதிரையால எழும்பிட்டார். நான் துஆவில ரெண்டு பேரின்ர பேரையும் சொல்லிக்கொண்டு இருந்தன்.

உங்களில யாருக்கோ இண்டைக்கு ஒரு கதவுக்கு முன்னால இருக்கிற மாதிரி இருக்கும். கேளுங்கோ. அழுது கேளுங்கோ. பிழையாக் கேட்டாலும் பரவாயில்லை, அவனுக்கு விளங்கும். உதவி வரேக்க அது அடி மாதிரித் தெரிஞ்சால், கையை ஓங்க முதல் ஒருக்கா நிண்டு பாருங்கோ.

அஸர் நேரமாச்சு. வாங்கோ, எழும்பித் தொழுவம்.