காய்ந்த கல்லில் ஒரு கோடு

கல்லை நாக்கில் ஒற்றிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் அப்பா. எந்தச் சட்டையிலும் பை உருப்படியாக இருந்ததில்லை. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் துலங்குமாம். "என் சமையல்ல உப்பு இல்லன்னா இந்த மனுஷனுக்குத் தெரியாது. கல்லுல இருந்தா தெரியும்" என்பாள் அம்மா. அவள் போய் நான்கு மாதம் ஆகிறது.

இந்த மலைப் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் வரப்போகிறது. தண்ணீர் ஏறிவிட்டால் அடியில் இருக்கும் தாதுவைத் தொட முடியாது. என்ன இருக்கிறது என்று முன்பே பார்த்துச் சொல்ல, நிலவியல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவை அழைத்தார்கள். வேலை செய்தால் சாப்பிடுவார் என்று நினைத்து நானும் விடுப்பெடுத்துக் கூட வந்தேன். நான் மண் பரிசோதனைப் பொறியாளர். "மண்ணுங்கறது என்ன? செத்த கல்லு" என்று என் படிப்பைக் கேலி செய்வது அவர் வழக்கம். இப்போதெல்லாம் அதைச் சொல்வதில்லை.

அப்பாவும் அம்மாவும் குடித்தனம் தொடங்கிய தகரக் கூரை வீடு இன்னும் நிற்கிறது. நான் தவழ்ந்ததும் இங்கேதான். அப்பா தூக்கிப்போட்ட கல் வில்லைகளை அம்மா சமையலறைத் தரையின் ஈர சிமெண்டில் பதித்திருந்தாள். காலையில் ஒரு குவளைத் தண்ணீரைத் தெளிப்பாள். பச்சை, ரோஜா, கறுப்பு என்று தரை விழித்துக்கொள்ளும்.

"ஈரமாக்கினா எல்லாக் கல்லும் அழகுதாண்டி" என்பார் அப்பா.

"அழகா இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன?"

செம்பு போதிய அளவு கிடைத்தால் அணை பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மாறும், வீடு தப்பும். அதுவரை பாறையில் போட்ட துளைகளில் கிடைத்தது சொற்பம். கடைசித் துளையை வீட்டு முற்றத்திலேயே போட்டார்கள். "அம்மா இருந்திருந்தா கரண்டியோட வந்திருப்பாங்க சார்" என்றார் டிரில் மேஸ்திரி. அந்தக் காலத்திலிருந்து அப்பாவோடு இருப்பவர். அப்பா சிரித்தார். இங்கு வந்தபின் முதல் சிரிப்பு.

துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கல்லை நீளவாக்கில் இரண்டாக வெட்டுவார்கள். வலப்பாதி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும், அதில் இருக்கும் செம்புதான் கணக்கு; இடப்பாதி பெட்டியில் கிடக்கும். எங்கே வெட்டுவது என்று மெழுகுப் பென்சிலால் கோடு போடுவது அப்பாவின் வேலை. மேல் துண்டில் தொடங்கிய கோடு கீழ்த்துண்டு வரை வளையாமல் போக வேண்டும். அதுவும் கல் காய்ந்திருக்கும்போதே. நாக்கு, தண்ணீர் எல்லாம் பிறகுதான். நனைத்தால் தாது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கை தானாக அந்தப் பக்கம் போகும்.

சமையலறை மேடையில் துண்டுகளை அடுக்கினோம். சேறு காய்ந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நான் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"ஒரு தடவை நனைச்சுப் பாத்துட்டுப் போடுங்களேன்பா."

குவளையை முழங்கையால் தள்ளி வைத்தார்.

"பாப்பா சொல்றதுல என்ன சார் தப்பு? யார் பாக்கப்போறா?" என்றார் மேஸ்திரி.

"நான் பாப்பேன்ல."

வலக்கையில் பென்சிலை எடுத்தார். இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கோடு நேராக இருந்தது.

மேஸ்திரி வெட்டிக் கொண்டுவந்தார். மினுக்கும் செம்புத்தாது பட்டையாக ஓடியிருந்தது, பெட்டிக்குப் போகும் பாதியில். வலப்பாதியில் ஒரு கீற்றுகூட இல்லை.

"ரெண்டு விரல் தள்ளிப் போட்டிருந்தா வீடு நின்னிருக்கும் சார்."

"நின்னிருக்கும்."

வலப்பாதித் துண்டுகளைப் பையில் போட்டுக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்து, மேஸ்திரியிடம் கொடுத்தார். பிறகு குவளையை எடுத்தார். கல்லில் ஊற்றப்போகிறார் என்று நினைத்தேன். மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தூசி படிந்த தரையில், வாசலிலிருந்து அடுப்படி வரை தெளித்துக்கொண்டே போனார்.