அப்பா கொடி ஊன்றிய வயலும் அக்கா வாங்கிய டிராக்டரும்

புது டிராக்டருக்கு ஒரு வாசனை உண்டு. பெயிண்ட், டீசல், வெயிலில் சூடான ரப்பர்... மூன்று நாள் எங்கள் வீட்டு வாசலில் அந்த வாசனை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டர் ஓடவில்லை.

காரணம், அப்பா.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். தாத்தா காலம் வரை பண்ணை வேலை. அப்பா காலத்தில் சங்கம் வந்தது, கூலி உயர்ந்தது, நில உச்சவரம்புச் சட்டத்தில் மீட்ட நிலத்தில் எங்களுக்கும் இரண்டு ஏக்கர் கிடைத்தது. அப்பா சங்கத்தின் கிளைச் செயலாளர். ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போவார், மாலை சங்கக் கூட்டத்துக்குப் போவார். இரண்டு இடத்திலும் முன் வரிசை.

பெரிய பண்ணைக்கு முதல் டிராக்டர் வந்தபோது அதன் முன்னால் படுத்தவர்களில் அவரும் ஒருவர். வண்டி திரும்பிப் போனது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த டிராக்டரும் உழவுக்கு இறங்கியதில்லை. அடுத்து இறங்கவிருந்தது அவர் மகளுடையது.

ஸ்டெல்லா அக்கா தஞ்சாவூரில் நர்ஸ். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சென்னைக்குக் குடிபோன மிராசுதாரிடம் நாலு ஏக்கர் வாங்கிச் சேர்த்திருந்தாள். அந்த வருஷம் மேட்டூர் திறப்பு தள்ளிப்போனது. தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே நேரத்தில் உழுதாக வேண்டும். இருந்த மாடுகள் போதாது. பம்புசெட் தண்ணீரில் விட்ட நாற்று முத்திக்கொண்டிருந்தது. தாமதித்தால் அந்தப் போகம் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு டிராக்டர் கடைக்குப் போனாள். அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். வாங்கிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

கடைக்காரர் விவரமானவர். இரண்டு கட்சித் தலைவர்களின் படத்தையும் ஒரே சட்டத்தில் முன்னும் பின்னுமாகப் போட்டு மாட்டியிருந்தார். தேர்தல் முடிவு வந்ததும் திருப்பி மாட்டினால் போதும். இருப்பதிலேயே சின்ன டிராக்டரை அக்கா கேட்டாள். சேற்றில் இறங்க இரும்புக் கேஜ் வீல் ஒரு ஜோடி, கலப்பை ஒன்று. அவ்வளவுதான். டிரெய்லர் வேண்டாம் என்றதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

"டிரெய்லர் இல்லாம டிராக்டராங்க? கல்யாணம் காட்சிக்கு எப்படிப் போவீங்க?"

"இத்தனை நாள் போன மாதிரி நடந்து போய்க்கறோங்க."

வண்டி ஊர் வந்து சேர்ந்த அன்று மாலையே அப்பா சாவியை எடுத்து ஒளித்துவிட்டு, எங்கள் வயலில் செங்கொடியை ஊன்றினார். கொடி இருக்கும் வயலில் யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். ஊர் வழக்கம் அது. சொந்த வயல் என்பதற்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்குப் பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதுதான் தொந்தரவே.

மூன்றாம் நாள் மாதா கோயில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பேச்சுவார்த்தை. ஒரு பெஞ்சில் அப்பாவும் ஏரோட்டிகளும். எதிர் பெஞ்சில் அக்கா, தனியாக. நான் நடுவில் நின்றேன். இரு தரப்பும் என்னை எதிர்த் தரப்பாகவே கருதின.

அக்கா "அப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"வீட்டுல நான் உன் அப்பன். இங்க கிளைச் செயலாளர். ரெண்டையும் கலக்காத."

"சரிங்க தோழர். வண்டிச் சாவியை எங்க வச்சிருக்காருன்னு எங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ஏரோட்டி ஒருவர் சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல் சமாளித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள், ஒரு இயந்திரம் வந்தால் நாளை எந்த வாசலில் போய் வேலை கேட்பார்கள் என்று கேட்டார். நாற்று இன்னும் நாலு நாள் தாங்காது என்று மட்டும் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். மதியம் தாண்டியது. யாரும் சாப்பிடப் போகவில்லை.

எங்களைத் தேடி வந்த அம்மா, தாழ்வாரத் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவர்தான் கொத்து, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்.

"சங்கத்துல எனக்கும் கார்டு இருக்குல்ல? அப்ப நானும் பேசலாமா?"

அப்பா தலையசைத்தார்.

"ஏரோட்டறவங்க பத்துப் பேரு. நடவுக்குப் போற பொம்பளைங்க ஊர்ல பாதி. நாத்து முத்திட்டா எங்களுக்கு இந்தப் போகத்துல ஒரு நாள் வேலை கிடையாது. அதுக்கு எந்தக் கொடியை ஊனுவீங்க?"

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. டிராக்டர் உழலாம். வண்டி திரும்ப முடியாத மூலைகளை வெட்டுவது, வரப்பு கட்டுவது, மாடு பூட்டிப் பரம்படித்துச் சேற்றைச் சமன் செய்வது எல்லாம் ஏரோட்டிகளுக்கு. நடவுக்கு வெளியூர் ஆள் கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

அப்பா ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். அது தோற்றவர் முகமாக இல்லை. யாராவது வந்து தன்னைத் தடுக்க மாட்டார்களா என்று மூன்று நாளாகக் காத்திருந்தவர் முகம். கொடியைப் பிடுங்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. தன் வீட்டு வயல் என்பதால் கொஞ்சம் கூடுதல் ஆழமாகவே ஊன்றியிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் வண்டி சேற்றில் இறங்கியது. வரப்பில் நின்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தவர் அப்பாதான். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்த வாரமே நட்டு முடித்தோம். பயிர் பிடித்தது. நட்டு முடித்த அன்றுதான் எனக்கும் சரியாகத் தூக்கம் வந்தது.

இப்போது அறுவடைக்கே வெளியூர் இயந்திரம் வருகிறது. தடுக்க யாரும் வருவதில்லை. வேலைக்கும் யாரும் வருவதில்லை. ஏரோட்டிகளின் பேரப்பிள்ளைகள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். நல்லதுதான். அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரசியல் வந்தால் யாராவது ஒருவர் வெளியேறிவிடுகிறார். போன தேர்தலில் இரண்டு சித்தப்பா பிள்ளைகள் போனார்கள், இன்னும் திரும்பவில்லை.

அன்றைக்கு எங்களுக்கு வெளியேறும் வசதி இல்லை... ஒரே வீடு, ஒரே குழம்பு. பேசித்தான் தீர வேண்டியிருந்தது.