பத்துக்குப் பத்து வாங்கிய தந்தி

என் தாய்மாமா சர்வதேச கிரிக்கெட் ஆடியவர் என்று சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. எந்த டீம் என்று கேட்பார்கள். வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டின் பெயரைச் சொல்வேன். அங்கே ஏது கிரிக்கெட் என்று சிரிப்பார்கள். பிழைக்கப் போன நம்மவர்கள்தான் அந்த நாட்டுக்கே டீம் என்பதை விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தை மாதம் மேட்டூர் அணையை மூடியதும் ஆறு வற்றி மணலாகிவிடும். மாமா பந்து போடக் கற்றுக்கொண்டது அந்த மணலில்தான். மணலில் பந்து எழும்பாது, குத்திப் போட்டால் அங்கேயே புதைந்துகொள்ளும். அதனால் ஆடுகிறவனின் கால் கட்டைவிரலைப் பார்த்தே போட்டுப் பழகினார். மட்டை பிடிக்கப் பழகியது அறுத்த வயலில். வெடிப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது கடவுளுக்கே தெரியாது. இப்படிக் கற்றவர் அந்தப் பாலைவனத்துச் சிமெண்டுத் தரையில் இறங்கியதும் வெளுத்து வாங்கிவிட்டார். ஸ்டோர் கீப்பர் என்ற பெயரில் கம்பெனி அவரை எடுத்ததே ஆட்டத்துக்காகத்தான். சில வருஷத்தில் நாட்டு டீமில் பேட்டிங், பௌலிங் இரண்டுக்கும் அவர்தான் என்றானது. தொப்பி போட்ட அவருடைய போட்டோ எங்கள் வீட்டில் சேசு படத்துக்குக் கீழே மாட்டியிருந்தது.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் ஒரு பெரிய போட்டி வந்தது. அதில் ஜெயிக்கிற நாடு உலகக் கோப்பைக்குப் போகும். 'இதுக்காகத்தான் அக்கா இத்தனை வருஷமா ஓடுறேன். முடிஞ்சதும் வந்துடுறேன், பொண்ணைப் பாருங்க' என்று அம்மாவுக்கு எழுதியிருந்தார். சின்ன வயதிலேயே பெற்றவர்களை இழந்த அவரை வளர்த்தது என் அம்மாதான்.

பெண் பார்த்தாகிவிட்டது. கும்பகோணத்தில் நல்ல குடும்பம். ஆனால் பெண்ணின் அண்ணன் விடுமுறை முடிந்து சிங்கப்பூர் திரும்புவதற்குள் கல்யாணம் முடிய வேண்டுமாம். விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாக வேண்டும். அப்பா நாள்காட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஆட்டம் எங்க போயிடப் போவுது? அடுத்த வருஷமும் ஆடுவாங்க. பொண்ணு நிக்குமா?"

ஊர்ப் பந்தயம் மாதிரி உலகக் கோப்பையும் வருஷா வருஷம் நடக்கும் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவுக்குச் சொல்லாமல் என்னை மட்டும் தபால் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். எங்கள் இங்கிலீஷ் பாடத்தில் தந்தி எழுதுவது ஒரு கேள்வி. அதில் நான் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். "அக்காவுக்கு உடம்பு சரியில்ல, சீக்கிரம் வான்னு எழுதும்மா" என்றார் அப்பா. அது எனக்கு ருசிக்கவில்லை. டீச்சர் கற்றுக்கொடுத்த தந்தி அப்படி வளவளவென்று இருக்காது. பாரத்தை வாங்கி, பெரிய எழுத்தில், டீச்சர் சொன்னபடியே எழுதினேன். சிஸ்டர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி.

அப்பா படித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அதையே கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மாமா பேன்ட்டும் டீமின் பச்சைப் பனியனுமாக அப்படியே இறங்கி ஓடி வந்தார். பயிற்சி முகாமிலிருந்து நேராகக் கிளம்பியிருக்கிறார். அம்மா கொல்லையில் கெண்டை மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். மீன் கையோடு எழுந்து, "என்ன தம்பி, சொல்லாம கொள்ளாம?" என்று கேட்டாள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கினாள். "பெத்த புள்ளயாட்டம் வளத்தவன இப்படியா அலற அடிப்பீங்க?" ஆனால் சாயங்காலம் அவளே மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வந்ததுதான் வந்துட்ட. இந்த ஞாயித்துக்கிழமையே மொத ஓலை போட்டுடலாமேடா" என்றாள். மாமா தலையாட்டினார். அக்கா பேச்சை அவர் தட்டியதே இல்லை.

மறுநாள் வெளிநாட்டுக்குப் போன் பேச மன்னார்குடி கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். பூத்தின் கண்ணாடிக்குள் நின்று அவர் பேசியது வெளியே பாதிதான் கேட்டது. சார், சார் என்று கெஞ்சினார். அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள் என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வந்து எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார்.

"வேற ஆளைச் சேத்துட்டாங்களாம் பாப்பா. பேரு குடுத்துட்டா இனிமே மாத்த முடியாதாம்."

திரும்பும்போது பஸ்ஸில் பையிலிருந்து தந்தியை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

"இது அத்தான் எழுதின மாதிரி தெரியலயே?"

"நான்தான் மாமா எழுதினேன்."

"சீரியஸ்னு போடச் சொன்னது யாரு?"

"யாரும் இல்ல. அப்பா உடம்பு சரியில்லன்னுதான் சொன்னாங்க. நானேதான் நல்லா இருக்கட்டும்னு போட்டேன்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வரும்வரை அவர் திரும்பவே இல்லை. இறங்கிய பிறகு என் தலையில் கை வைத்து, "நல்லாத்தாம்மா எழுதியிருக்க" என்றார்.

விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. அதே வாரம் அவருடைய டீம் வேறெங்கோ ஆடிக்கொண்டிருந்தது. கல்யாணம் முடிந்து திரும்பிப் போன மாமாவுக்கு டீமில் இடமில்லை. ஆடாத ஆளுக்குக் கம்பெனியிலும் இடமில்லை. அடுத்த பொங்கலுக்குள் ஊரோடு வந்துவிட்டார். மன்னார்குடியில் டிராக்டர் சாமான் விற்கும் கடையில் இன்றும் வேலை பார்க்கிறார். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "எங்கக்காவுக்கு அப்ப ரொம்ப முடியாமப் போச்சு, அதான்" என்பார். பக்கத்திலேயே அம்மா கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாள். நானும் அங்கேதான் இருப்பேன். அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்த்ததே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று வீட்டுக்கு வந்ததும் தன் பெட்டியைத் திறந்து, வெளிநாட்டு ஆட்டம் ஒன்றில் ஐந்து விக்கெட் எடுத்த பந்தை என்னிடம் கொடுத்தார். சிவப்புப் பந்து, ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு. இனி தனக்கு வேண்டாம் என்றுதான் கொடுத்தார் என்பது எனக்கு எங்கே தெரிந்தது? நன்றாக எழுதியதற்குப் பரிசு என்று நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டி, என் தந்தியைப் பார்த்ததும் மாமா ஓடி வந்துவிட்டார் என்று சொன்னேன். டீச்சர் என்னை முன்னால் நிறுத்தி, பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். வகுப்பு முழுக்கத் தட்டியது. எல்லாரையும் விடச் சத்தமாக நான் தட்டினேன்.