உடைசலுக்கு ஓர் ஆள்

என் இடத்தில் நீ போனாய். நானே விட்டுக்கொடுத்தேன் என்று ஊரிடம் சொன்னாய். அது பொய்.

நீ யார் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தனாரின் மனைவி. எனக்கு ஓரகத்தி. விருத்தாசலத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வருஷக்கணக்காகச் சமைத்தோம். நீ பெண்கள் பள்ளியில் டீச்சர். நான் செராமிக் பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட்டில் கணக்கு எழுதினேன். சாயங்காலம் நீ சேலை மடிப்புக் கலையாமல் வருவாய். நான் புருவம் வரைக்கும் வெள்ளை மண்ணோடு வருவேன். இரண்டு பேருக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் உன்னை "டீச்சரம்மா" என்பார்கள். என்னிடம் தண்ணீர் கேட்பார்கள்.

எங்கள் யூனிட்டில் ஜாடி, கப்பு, ஃபியூஸ் கட்டை, தண்ணீர் வடிகட்டும் கேண்டில் எல்லாம் செய்தார்கள். கேண்டில் என்றால் மெழுகுவர்த்தி இல்லை. ஒரு சாண் உயரத்தில், உள்ளே கூடாக இருக்கும் வெள்ளை உருளை. பானையின் அடியில் பொருத்தினால் சேற்றுத் தண்ணீரும் தெளிந்து இறங்கும்.

சூளையில் வைத்ததெல்லாம் முழுசாக வெளியே வராது. சிலது விரியும், சிலது கோணிக்கொள்ளும். அதனால் நூறு உருப்படிக்கு ஆர்டர் என்றால் நூற்றுப்பத்து ஏற்றுவோம். மேலே சேர்க்கிற பத்துக்கு உடைசல் என்று பெயர். எல்லாமே நன்றாக வந்துவிட்டால் அந்தப் பத்தை யாரும் கேட்கமாட்டார்கள். சுவரோரம் அடுக்கி வைத்திருந்து, மாசி மகத்துக்கு வருகிற வியாபாரியிடம் கூறு போட்டுத் தள்ளிவிடுவோம். அதில் ஒரு கீறல் கூட இருக்காது. எண்ணிக்கைக்கு மேலே போய்விட்டது, அவ்வளவுதான் அதன் குற்றம்.

எழுபத்திரண்டில் வங்காளத்துக்கு அந்தப் பக்கம் சண்டை முடிந்து புது நாடு ஆகியிருந்தது. ஓடிப்போன ஜனங்கள் ஊர் திரும்பினால், கிணறு பாழ், குளம் பாழ், வீட்டுக்கு வீடு வாந்திபேதி. எங்கள் தெரு டாக்டரோடு படித்த ஒருவர் அங்கே முகாமில் வேலை பார்த்தார். மருந்தைவிட நல்ல தண்ணீர்தான் அவசரம் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் எங்கள் முதலாளியிடம் பேசினார். முதலாளி அடக்க விலைக்குக் கேண்டில் தருவதாக ஒப்புக்கொண்டார். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு போட்டோம். நீயும் இருந்தாய், நானும் இருந்தேன்.

டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில்தான் கூட்டம்.

"கணக்கு யாரு போடறது?" என்றார் டாக்டர்.

"எங்க கணக்கம்மா இருக்கறாங்களே. அவங்க போட்டுட்டா, கடவுளே வந்து பேரம் பேசினாலும் காலணா கொறையாது" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பயணத்தை ஒவ்வொரு அங்குலமாக நான் போட்டேன். எங்கள் ஊர் ரயில் சின்னப் பாதை ரயில். எழும்பூரில் இறக்கி, வண்டி வைத்து சென்ட்ரலுக்குக் கொண்டுபோய், பெரிய பாதை ரயிலில் ஏற்ற வேண்டும். கல்கத்தாவில் மறுபடி இறக்கி லாரி பிடித்து எல்லை வரைக்கும் போக வேண்டும். இறக்கி ஏற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் கூலி, ஒவ்வொரு இடத்திலும் உடைசல். மரப்பெட்டிக்கு என்ன, வைக்கோலுக்கு என்ன, பெட்டி நனைந்தால் மாற்று வைக்கோலுக்கு என்ன என்று எழுதினேன். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் என்னைக் கண்டாலே குமாஸ்தா மேசையை விட்டு எழுந்து போவான். அத்தனை தடவை போய்க் கேட்டிருக்கிறேன். எல்லையில் வரி கேட்டால் காட்ட எந்தக் கடிதம் வேண்டும் என்று டாக்டருக்கே நான்தான் சொன்னேன். போகிறவர்கள் அந்த ஊர் ஜனங்களின் அரிசியைத் தின்னக்கூடாது என்று, சாப்பாட்டுக்கும் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போகத் திட்டம் போட்டேன். அதிலும் உடைசல் சேர்த்தேன்.

போவது இரண்டு பேர் என்று முடிவாயிற்று. ஒருவர் டாக்டர். இன்னொருவர் பெண். முகாமில் தண்ணீர் பிடிப்பது பெண்கள், பெண் போனால்தான் பக்கத்தில் வந்து பேசுவார்கள் என்றார் டாக்டர். நான் என் வழக்கப்படி, மூன்று பேருக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று எழுதினேன்.

"ஏம்மா, ஆளுக்குமா உடைசல்?" என்று டாக்டர் சிரித்தார்.

"ஆமாங்க. கெளம்பற அன்னிக்கு ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்துட்டா இன்னா பண்ணுவீங்க? பாஸ்போர்ட்டு கடைல விக்குதா?"

அப்படித்தான் மூன்று பேர் ஆனோம். டாக்டர், நான், நீ. சென்னைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். காலரா ஊசி போட்டுக்கொண்டோம். எனக்குத் தோள் வீங்கி இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை. நெய்வேலியில் ஒரு வங்காள எஞ்சினியர் குடும்பம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன். தண்ணீர், பானை, கொதிக்க வை, குழந்தைக்குக் கொடு. அடுப்படியில் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். "எனக்கும் சொல்லு அக்கா" என்றாய். சொல்லிக்கொடுத்தேன். மடச்சி.

மாமனார் அப்போது பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டுவது நான். நான் இல்லாத மாதத்துக்கு என் தங்கை கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து இருப்பதாக ஏற்பாடு செய்துவிட்டேன். அது உனக்குத் தெரியும். அவள் வந்தால் எந்த அறையில் படுப்பாள் என்று நீதான் கேட்டாய்.

நான் பார்சல் ஆபீஸில் நின்றிருந்த ஒரு சாயங்காலம், கிளினிக்கில் கூட்டம் நடந்தது. நான் போய்ச் சேரும்போது எல்லோரும் கலைந்திருந்தார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டிக்கெட்டு எடுக்க ஆள் அனுப்பிட்டேன், கணக்கம்மா. எனக்கும் டீச்சரம்மாவுக்கும்."

"டீச்சரம்மாவுக்கா?"

"நீங்க உடைசலுக்குத்தான் பேர் குடுத்தீங்களாமே. மாமனார வுட்டுட்டு வர முடியாது, டீச்சரம்மாவே போவட்டும்னு நீங்களே சொன்னதா அவங்க சொன்னாங்க."

"நான் எப்பங்க சொன்னேன்?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எதுவா இருந்தாலும் டிக்கெட்டுக்கு ஆள் போயாச்சும்மா. நீங்க போட்ட திட்டப்படிதான செஞ்சிருக்கோம்."

சூளையில் ஏற்றும்போது இது ஆர்டர், இது உடைசல் என்று யாரும் குறி போடுவதில்லை. நெருப்பு முடிவு செய்யும். என் மேல் குறி போட்டது நெருப்பு இல்லை. நீ.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"அப்படிச் சொன்னியா?"

"இன்னா அக்கா, கூட்டத்துல ஆயிரம் பேசுவாங்க. உனக்கு இங்கிலீஷ் வராது, எல்லைல ஆபீசருங்க கேட்டா இன்னா சொல்லுவ? மாமாவும் நீ இல்லாட்டி சாப்பிட மாட்டாரு. நான் ஒண்ணும் சினிமாவுக்குப் போவல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உப்பு போட்டியா சாம்பார்ல?" என்றாய்.

எனக்குப் பொறாமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வயிறு எரிந்தது. நீ கிளம்புகிற அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் வரட்டும் என்று மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்டினேன். ஊரில் ஆடு திருடு போனால் கட்டுவார்கள், வரப்புத் தகராறுக்குக் கட்டுவார்கள். ஓரகத்தி மேல் கட்டினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உன் பெயர், உன் விலாசம், நீ செய்தது, எல்லாம் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். உனக்குத் தும்மல் கூட வரவில்லை.

ஜங்ஷனில் மாலை போட்டார்கள். பெட்டிகளை நான்தான் எண்ணி ஏற்றினேன். துணி வைக்க உன்னிடம் நல்ல பெட்டி இல்லை என்று என் கணவர் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மூடியில் கறுப்புப் பெயிண்டில் என் பெயர் இருந்தது. என் பெயர் எல்லை தாண்டிப் போயிற்று. நான் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டினேன்.

நீ இல்லாத நாட்களில் நான் உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது ஹவுரா போயிருப்பாள். இப்போது பானையில் பொருத்திக் காட்டுவாள். வாஷரைத் தலைகீழாகப் போடுவாள், தண்ணீர் ஒழுகும், எல்லோரும் சிரிப்பார்கள். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வந்தது.

ஒன்றும் ஒழுகவில்லை. திரும்பி வந்து டாக்டர் சொன்னார். கேண்டில் நாலைந்துதான் உடைந்ததாம், கூடுதலாக வைத்ததையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். நல்லதுதான். அந்தப் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அங்கே நின்றது நீ என்பதில்தான் வருத்தம்.

நீ கறுத்து, இளைத்து, அழகாக வந்தாய். தெருவே கூடிக் கதை கேட்டது. நடுவில் என் பக்கம் திரும்பி, "தண்ணிக்கு நீ சொல்லிக் குடுத்த ஜோலு அங்க செல்லல அக்கா. அங்க நெறைய பேரு பானின்னுதான் சொல்றாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பிறகு கூடத்தில் உன் போட்டோ வந்தது. முக்காடு போட்ட பெண்கள் நடுவில் கையில் கேண்டிலோடு நீ. அந்தக் கேண்டிலைப் பெட்டியில் வைத்தது என் கை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில், வேப்பூரில், திட்டக்குடியில், கூப்பிட்ட இடத்திலெல்லாம் பேசினாய். "நாங்கள் திட்டமிட்டோம்" என்றாய் முதலில். இரண்டு வருஷத்தில் அது "நான் திட்டமிட்டேன்" ஆயிற்று. கடைசியில், "என் அக்கா மனமுவந்து தன் இடத்தை எனக்குத் தந்தார்" என்றும் சேர்த்துக்கொண்டாய். அதற்குக் கைதட்டல் வேறு. முன் வரிசையில் என்னையும் உட்கார வைத்து, எழுந்து கும்பிடச் சொன்னார்கள். எழுந்தேன். கும்பிட்டேன்.

எழுபத்தாறில் நாம் தனிக்குடித்தனம் போனபோது என் கணவர் சொன்னார்: "போய்ப் பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துடு. ஒரு குடும்பம்." வாபஸ் வாங்குவதற்கும் அங்கே முறை இருக்கிறது, ராஜினாமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு முடிந்தால்தானே ராஜினாமா? நான் போகவில்லை.

இப்போது நீ பெரிய டீச்சராகி ஓய்வு பெறுகிறாய். உனக்குப் பாராட்டு விழா என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வங்காளப் பயணத்தைப் பற்றி நீ பேசுவாய் என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள். நான் வருவேன். முன் வரிசையில்தான் உட்காருவேன். என்னைக் கும்பிடச் சொல்லாதே, சால்வை போடாதே, அக்கா என்று உருகாதே. நான் சொன்னதாகக் கிளினிக் பெஞ்சில் நீ சொன்ன அந்த வார்த்தையை நான் உன்னிடம் எப்போது சொன்னேன், எந்த இடத்தில் சொன்னேன், யார் கேட்டார்கள்? உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது, மைக்கைப் பிடித்துச் சொல்.